ஆசிரியரின் குரல் கடைசி வரிசையை எட்டும்போது: ஆங்கிலம் கற்கும் சிறுவர்களும் வகுப்பறை ஒலிபெருக்கமும்

கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே ஓர் ஆசிரியை, ‘யூ கேன்ட் யூஸ் பென்சில்ஸ்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். பென்சிலைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் பொருள். அந்த மறுப்பு முழுவதும் ‘கேன்ட்’ என்ற சொல்லின் கடைசியில் ஒலித்தும் ஒலிக்காமலும் நிற்கும் ஒரு ‘ட்’டில் அடங்கியிருக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தையின் காதுக்கு அந்த ‘ட்’ வந்து சேரவில்லை. ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்த குழந்தையாக இருந்தால், குரலின் ஏற்ற இறக்கத்தையும் முன்பு கேட்ட எத்தனையோ வாக்கியங்களையும் துணைகொண்டு விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆறு மாதங்களாகத்தான் ஆங்கிலம் கேட்டுவருகிற குழந்தையோ, பென்சிலைப் பயன்படுத்தலாம் என்று புரிந்துகொண்டு அதைக் கையில் எடுக்கிறது. அதைப் பார்க்கும் ஆசிரியைக்குக் குழந்தை கவனிக்கவில்லை என்றோ, சொல் பேச்சுக் கேட்கவில்லை என்றோ, இன்னும் மொழி வரவில்லை என்றோதான் தோன்றும். அந்தச் சொல் குழந்தையின் இருக்கை வரை வந்து சேர்ந்ததா என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

அமெரிக்காவின் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றுவரும் மாணவர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர் இருக்கிறார்கள். பத்தில் ஒருவர் என்று சொல்லலாம். மழலையர் வகுப்பிலும் தொடக்க வகுப்புகளிலும் அவர்களின் விகிதம் இன்னும் அதிகம். சான் ஃபிரான்சிஸ்கோவில் படித்த சீன மொழி பேசும் மாணவர்களுக்காகத் தொடரப்பட்ட ‘லாவ் எதிர் நிக்கோல்ஸ்’ வழக்கில், புரியாத மொழியில் பாடம் நடக்கும்போது ஒரே புத்தகத்தையும் ஒரே ஆசிரியரையும் எல்லோருக்கும் கொடுத்துவிடுவதால் மட்டும் சமமான கல்வி கிடைத்துவிடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1974ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. அதன் பின்னர் நடந்த விவாதங்களில் பெரும்பகுதி, எந்த மொழியில் கற்பிப்பது, எந்த முறையில் கற்பிப்பது என்பவற்றைச் சுற்றியே அமைந்தது. கற்பிக்கப்படுவது காதில் விழுகிறதா என்பது அவற்றுக்கெல்லாம் முந்தைய கேள்வி. செவித்திறன் வல்லுநர்கள் பல ஆண்டுகளாக அதை எழுப்பிவந்தாலும் பள்ளிக் கட்டடங்களைத் திட்டமிடுவோரையும் நிதி ஒதுக்குவோரையும் அது மெதுவாகவே சென்றடைந்திருக்கிறது.

ஒரு பேச்சு புரிவதற்கு அது எவ்வளவு உரக்க இருக்கிறது என்பதைவிட, சுற்றியுள்ள இரைச்சலைக் காட்டிலும் எவ்வளவு மேலே நிற்கிறது என்பதே முக்கியம். இந்த இடைவெளியைக் குரல்–இரைச்சல் வேறுபாடு என்று குறிப்பிடலாம். சாதாரணமாகப் பேசும் ஆசிரியரின் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 65 டெசிபல் இருப்பதாகக் கொண்டால், தடையற்ற வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அது 6 டெசிபல் குறையும்: இரண்டு மீட்டரில் 59, நான்கு மீட்டரில் 53, எட்டு மீட்டரில் 47. சுவர்களும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அறைக்குள் வீழ்ச்சி இவ்வளவு வேகமாக இருக்காது; ஆனால் அப்படித் திரும்பி வரும் ஒலி தெளிவான ஒலி அன்று என்பதைச் சற்றுப் பின்னர் பார்ப்போம். இரைச்சலோ தூரத்தைப் பொருத்துக் குறைவதில்லை. குளிரூட்டியின் ஓசை, நடைவழியின் காலடிகள், நாற்காலி இழுபடும் சத்தம், முப்பது குழந்தைகளின் அசைவு ஆகியவை அறை முழுவதும் பரவி நிற்கின்றன. ஆகவே முன்வரிசைக் குழந்தையும் கடைசி வரிசைக் குழந்தையும் ஒரே பாடத்தைக் கேட்பதாக நாம் நினைத்தாலும், அவர்கள் காதில் விழுவது ஒரே பாடம் அன்று.

குழந்தைகள் கற்கும் இடத்தில் ஆசிரியரின் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் வல்லுநர் சங்கம் பரிந்துரைக்கிறது. 2002இல் வெளியான அந்நாட்டுத் தேசியத் தரமும் இந்தக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது: வழக்கமான அளவுள்ள வகுப்பறை ஆளின்றி இருக்கும்போது அதன் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது; ஒலி அடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் 0.6 விநாடிக்கு மிகக் கூடாது. கடைசி வரிசையில் ஆசிரியரின் குரல் 50 டெசிபலாகத் தேய்ந்திருந்தாலும், அத்தகைய அறையில் 15 டெசிபல் வேறுபாடு கிடைத்துவிடும். ஆனால் அது ஆளில்லாத அறையின் கணக்கு. லண்டன் தொடக்கப் பள்ளிகளில் பிரிஜெட் ஷீல்டும் ஜூலி டாக்ரெலும் பாடவேளையில் எடுத்த அளவீடுகளில், அமைதியாகப் படிக்கும்போதே 56 டெசிபல் அளவிலும், குழுக்களாக எழுந்து நடமாடி வேலை செய்யும்போது 77 டெசிபல் அளவிலும் ஒலி இருந்தது. அந்தச் சூழலில் ஆசிரியரின் இயல்பான குரல் பின்வரிசையில் இரைச்சலுக்குக் கீழே மூழ்கிவிடும்.

மூழ்கும்போது எல்லா ஒலிகளும் ஒன்றாக மூழ்குவதில்லை. பேச்சின் வலிமை உயிரொலிகளில் இருக்கிறது. பொருளை வேறுபடுத்தும் வேலையின் பெரும்பங்கை மெய்யொலிகள் செய்கின்றன. ஆங்கிலத்தில் மிக வலிய உயிரொலிக்கும், மெலிந்த என்று பொருள்படும் ‘தின்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் நாக்கு நுனியைப் பல்லில் வைத்து ஊதும் மெல்லொலிக்கும் இடையே சுமார் 28 முதல் 30 டெசிபல் வேறுபாடு உண்டு. ‘ஸ்’ ஒலியின் ஆற்றல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் அமைந்திருக்கிறது. அது மெலிந்த ஒலி, எளிதில் மறைந்துவிடும். வகுப்பறை இரைச்சலின் பெரும்பகுதியோ தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. அத்தகைய இரைச்சல் தனக்கு மேலுள்ள அதிர்வெண்களையும் மூடி மறைக்கும் இயல்புடையது. எதிர்முழக்கமும் இதே ஒலிகளைத்தான் பாதிக்கிறது. வலிய உயிரொலி சுவரில் மோதித் திரும்பி வந்து, அடுத்து வரும் மெலிந்த மெய்யொலியின் மேல் படிந்துவிடுகிறது. அதனால் பேச்சு ஈரத்தில் பட்ட மை போலக் கலங்குகிறது. பேச்சு நடப்பது தெரியும், யாருடைய குரல் என்பது தெரியும், என்ன சொல்லப்பட்டது என்பது மட்டும் கைக்கு அகப்படாது. பின்வரிசையில் ‘கேட்கவில்லை’ என்று எந்தக் குழந்தையும் கை உயர்த்தாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குழந்தைக்கு உண்மையிலேயே கேட்கத்தான் செய்கிறது. தனக்குக் கேட்காமல் போனது எது என்பது அதற்குத் தெரிய வழியில்லை.

ஆங்கில இலக்கணத்தின் கணிசமான பகுதி இந்த மெலிந்த ஒலிகளின் மேல் கட்டப்பட்டிருக்கிறது என்பது, இரண்டாம் மொழியாக அதைக் கற்கும் குழந்தைக்கு நேரும் தனித் தொல்லை. ‘கேட்’ ஒன்று, ‘கேட்ஸ்’ பல. ‘வாக்’ நிகழ்காலம், ‘வாக்ட்’ இறந்தகாலம். தமிழில் பன்மைக்கு ‘கள்’ என்ற முழு அசை இருக்கிறது. காலத்துக்கும் நடக்கிறான், நடந்தான் என்று காதில் பளிச்சென்று விழும் வேறுபாடு இருக்கிறது. ஆங்கிலத்தில் பல இடங்களில் அதே சுமையைச் சொல்லின் வாலில் நிற்கும் ஒற்றை மெய் தாங்குகிறது. ஒரு குழந்தை ‘டூ கேட்’ என்று எழுதினால் பன்மை விதி தெரியவில்லை என்று நாம் திருத்துகிறோம். அந்த ‘ஸ்’ஸை அது தெளிவாகக் கேட்டதே இல்லை என்ற சாத்தியமும் அங்கே இருக்கிறது.

இதோடு, கேட்கும் காதே தாய்மொழியால் வார்க்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தை உலக மொழிகளின் ஒலி வேறுபாடுகள் பலவற்றைப் பிரித்தறியக்கூடியது. தன்னைச் சுற்றிப் பேசப்படாத வேறுபாடுகளை முதல் ஆண்டின் முடிவுக்குள் அது மெல்லக் கைவிடத் தொடங்குகிறது என்பதை ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஜப்பானிய மொழியில் வளரும் குழந்தைக்கு ஆங்கிலத்தின் ‘ர’, ‘ல’ வேறுபாடும், ஸ்பானிய மொழியில் வளரும் குழந்தைக்கு ‘ப’வின் அதிர்வொலிக்கும் ‘வ’வுக்கும் உள்ள வேறுபாடும் இவ்வாறு மங்கிப்போகின்றன. மீண்டும் அவற்றைக் கற்க முடியும்; ஆனால் அதற்குத் தெளிவான ஒலி திரும்பத் திரும்பக் கிடைக்க வேண்டும். மங்கலான ஒலியிலிருந்து நுட்பமான வேறுபாட்டைக் கற்றுக்கொள்ளச் சொல்வது நியாயம் ஆகாது.

தாய்மொழியில் கேட்பவர் விடுபட்ட ஒலியை எவ்வளவு எளிதாக நிரப்பிக்கொள்கிறார் என்பதற்கு ரிச்சர்ட் வாரன் 1970இல் வெளியிட்ட சோதனை நல்ல சான்று. பதிவு செய்த ஓர் ஆங்கில வாக்கியத்தில் ஒரு சொல்லின் நடுவிலிருந்த ‘ஸ்’ ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை அவர் வைத்தார். கேட்டவர்கள் சொல் முழுதாக இருந்ததாகவே சொன்னார்கள். எந்த ஒலி காணாமல் போனது என்பதைக்கூட அவர்களால் சுட்டிக்காட்ட முடியவில்லை. சொல்வளமும் வாக்கிய அமைப்பின் பழக்கமும் செய்யும் வேலை இது. அந்த இருப்பை இப்போதுதான் சேர்க்கத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு இருமல் இருமலாகவே கேட்கும், ஓட்டை ஓட்டையாகவே நிற்கும்.

1997இல் மாயோ, ஃப்ளோரென்டைன், பூஸ் ஆகிய மூவரும் ஸ்பானியமும் ஆங்கிலமும் அறிந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு இதை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. ஆறு வயதுக்கு முன்பே ஆங்கிலம் கற்றவர்கள், பதினான்கு வயதுக்குப் பின் கற்றவர்களைவிட அதிக இரைச்சலைத் தாங்கிப் பேச்சைப் புரிந்துகொண்டார்கள். வாக்கியச் சூழலைத் துணைகொண்டு சொல்லை ஊகிப்பதிலும் தாமதமாகக் கற்றவர்கள் பின்தங்கியிருந்தார்கள். அமைதியான அறையில் சரளமாக உரையாடுபவரும் இரைச்சலில் தடுமாறலாம் என்பது இதிலிருந்து புரிகிறது. குழந்தைகளைப் பொருத்தவரை, கார்ல் கிராண்டெலும் ஜோசஃப் ஸ்மால்டினோவும் 1996இல் வெளியிட்ட முடிவு முக்கியமானது: கேட்கும் சூழல் மோசமாக ஆக, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் குழந்தைகளுக்கும் அதைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கும் இடையிலான இடைவெளி விரிந்துகொண்டே போனது. இவர்கள் எல்லோருமே சிறுவர்கள் என்பதையும் மறக்கலாகாது. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்கும் திறன் பதின்ம வயதில்தான் முதிர்ச்சி அடைகிறது. தொடக்க வகுப்பு வயதில் நடுக்காதில் நீர் கோத்து, சில வாரங்கள் செவித்திறன் குறைந்து மீள்வதும் மிகச் சாதாரணம். இந்தக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் இடத்தில் அந்தக் குழந்தை உட்கார்ந்திருக்கிறது.

வகுப்பறை ஒலிபெருக்கம் என்ற தீர்வு இங்குதான் வருகிறது. கூட்டத்துக்குக் கட்டும் ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆசிரியர் கழுத்திலோ வாயருகிலோ சிறிய கம்பியில்லா ஒலிவாங்கியை அணிந்துகொள்கிறார். கூரையிலோ சுவரிலோ பொருத்திய ஒலிபெருக்கிகள் அவருடைய குரலை அறை முழுவதும் ஒரே சீராகப் பரப்புகின்றன. குரல் உயர்வது பொதுவாக 8 முதல் 10 டெசிபல் வரைதான். வெளியிலிருந்து வருபவருக்கு ஒலிபெருக்கி வேலை செய்கிறது என்பதே உடனே தெரியாத அளவில் இருந்தால் அது சரியான அமைப்பு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஆசிரியர் பக்கத்தில் நின்று பேசுவது போன்ற தூரத்தை உண்டாக்குவதுதான் இதன் வேலை. பண்பலையில் இயங்கும் கருவிகள் முதலில் வந்தன; வானொலி அலை சுவரைக் கடக்கும் என்பதால் ஒவ்வொரு அறைக்கும் தனி அலைவரிசை ஒதுக்க வேண்டியிருந்தது. அகச்சிவப்பு ஒளியில் இயங்குபவை சுவருக்குள்ளேயே நின்றுவிடுவதால், அடுத்த வகுப்பின் கணக்குப் பாடம் இந்த வகுப்பில் ஒலிக்கும் தொல்லை இல்லை. ஆனால் நேரடி வெயில் அதிகம் விழும் அறைகளில் அவை தடுமாறக்கூடும்.

இந்த முறை மொழி கற்பவர்களை மனத்தில் வைத்து உருவானதன்று. 1970களின் பிற்பகுதியில் இல்லினாய் மாநிலத்தில் ‘மார்ஸ்’ என்ற சுருக்கப் பெயரில் நடந்த திட்டம், சிறிதளவு செவித்திறன் குறைந்து கல்வியில் பின்தங்கிய மாணவர்களுக்குத் தனி அறையில் சிறப்புப் பயிற்சி கொடுப்பது நல்லதா, வழக்கமான வகுப்பிலேயே ஆசிரியரின் குரலைப் பெருக்கிக் கொடுப்பது நல்லதா என்று ஒப்பிட்டுப் பார்த்தது. ஒலிபெருக்கிய வகுப்பில் இருந்தவர்கள் முன்னேறினார்கள். செவித்திறன் குறையாத சக மாணவர்களும் பயன் பெற்றதாகத் தெரியவந்தது. குறையுள்ளவர்களுக்கென்று வைத்தது எல்லோருக்கும் உதவுகிறது என்ற அந்தக் கண்டுபிடிப்புதான், இளம் மொழி கற்பவர்களின் பக்கம் கவனத்தைத் திருப்பியது.

ஆனாலும் சான்றுகளை அவை இருக்கும் அளவுக்கு மேல் ஊதிக் காட்டுவது இந்தக் குழந்தைகளுக்கு நன்மை செய்யாது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக்கி நெல்சனும் உடன் பணியாற்றியவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்பானியம் பேசும் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளையும் ஆங்கிலம் மட்டும் பேசும் குழந்தைகளையும் ஒப்பிட்டது. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒலிபெருக்கி வைப்பதற்கு முன்னும் பின்னும் பாடத்தில் ஈடுபட்டிருக்கும் நடத்தையைக் கவனித்ததில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் இரைச்சலில் ஆங்கிலச் சொற்களை அறிந்துகொள்ளும் சோதனையில், குரல் 10 டெசிபல் மேலே இருந்தபோதே இரு குழுக்களும் சரிந்தன. ஸ்பானியக் குழந்தைகளின் சரிவு மிகப் பெரிதாக இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: நேராக உட்கார்ந்து ஆசிரியரைப் பார்த்துக்கொண்டிருப்பதை வைத்துக் கேட்டலை அளக்க முடியாது. புரியாத குழந்தையும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். மொழி தெரியாத இடத்தில் அந்த ஒழுங்கை அது முதலில் கற்றுக்கொள்கிறது.

லண்டனில் டாக்ரெலும் ஷீல்டும் 2012இல் வெளியிட்ட ஆய்வும் இதே போக்கில் எச்சரிக்கையானது. ஒலிபெருக்கி பயன்பட்ட வகுப்புகளில் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் கூடியது. ஒலிச்சூழல் மோசமாக இருந்த அறைகளில் பயன் தெளிவாக இருந்தது. பிற பாடத்தேர்ச்சிகளில் அத்தகைய முன்னேற்றம் தென்படவில்லை. கேட்பதை மேம்படுத்தும் கருவி கேட்பதை மேம்படுத்துகிறது. எழுதுவதும் கணக்கிடுவதும் தாமாகவே பின்தொடரும் என்று விற்பனை விளம்பரங்கள் சொல்வதை நம்பி நிதி ஒதுக்குபவர்கள் ஏமாற நேரிடும்.

இன்னொரு மறுப்பு ஒலியியல் துறையிலிருந்தே வந்தது. சாதாரண அளவுள்ள சிறிய வகுப்பறைகளில் ஒலிபெருக்கியை வழக்கமாக்கக் கூடாது என்று அமெரிக்க ஒலியியல் சங்கம் நிலைப்பாடு எடுத்தது. அறையை முதலில் சரியாகக் கட்ட வேண்டும், கருவியைக் காட்டிக் கட்டடத்தின் குறையை மூடக் கூடாது என்பது அதன் வாதத்தின் சாரம். இதில் பெரும்பகுதி நியாயம் இருக்கிறது. ஒலிபெருக்கி ஆசிரியரின் குரலை இரைச்சலுக்கு மேலே உயர்த்தும். எதிர்முழக்கத்தை அது குறைக்காது. வழுவழுப்பான சுவரும் வெறும் தரையும் உயர்ந்த கூரையும் கொண்ட அறையில் குரலைப் பெருக்கினால், திரும்பி வரும் கலங்கலும் கூடவே பெருகும். மெல்லிய தடுப்பு மட்டும் இருக்கும் பள்ளியில் பக்கத்து வகுப்புக்கும் அது இரைச்சலாகும். ஆகவே ஒலியை உறிஞ்சும் கூரைப் பலகைகள், தரைவிரிப்பு, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை, ஓசையிடும் காற்றோட்டக் கருவியைப் பழுதுபார்ப்பது ஆகியவை முதலில் வர வேண்டும். ஆனால் பழைய கட்டடம் சீர்படும் வரை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அங்கே உட்காரப்போகும் குழந்தைகளைக் காத்திருக்கச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. எதிர்முழக்கம் அளவோடு இருந்து, தூரமும் இரைச்சலுமே முதன்மைச் சிக்கலாக உள்ள அறைகளில் ஒலிபெருக்கியை வைப்பதை நான் ஆதரிக்கிறேன். அளந்து பாராமல் எல்லா அறைகளுக்கும் ஒரே கருவியை வாங்குவது வீண்.

இதில் ஆசிரியருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இரைச்சலில் பேசுபவர் தம்மை அறியாமலேயே குரலை உயர்த்துவார் என்பதை எத்தியேன் லொம்பார் 1911இல் எடுத்துக்காட்டினார். நாள் முழுவதும் அப்படிப் பேசுவது குரல்வளையைச் சிதைக்கிறது. நெல்சன் ராயும் உடன் பணியாற்றியவர்களும் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடத்தி 2004இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வாழ்நாளில் எப்போதாவது குரல் கோளாறு கண்டவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், பிற தொழிலினரில் 28.8 சதவீதம். மேலும், உயர்த்திக் கத்தும்போது உயிரொலிகள்தாம் பெரிதாகின்றன. மெலிந்த மெய்யொலிகள் அதே அளவில் வளர்வதில்லை. இயல்பாகப் பேசிய குரலைக் கருவி பெருக்கும்போது மெய்யும் உயிரும் தம் விகிதம் மாறாமல் சென்று சேர்கின்றன. மொழி கற்கும் குழந்தைக்குக் கத்திய குரலைவிட இந்தக் குரல்தான் பாடம்.

கருவி வந்த பின்னரும் சில பழக்கங்களை மாற்ற வேண்டியிருக்கும். ஒலிவாங்கி கழுத்தில் இருக்கிறது என்ற தெம்பில் ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துப் பேசத் தொடங்கினால், குழந்தை இதுவரை துணைகொண்ட உதட்டசைவு போய்விடும். ஒரு குழுவுக்கு மட்டும் தாழ்ந்த குரலில் சொல்வது வகுப்பு முழுவதும் ஒலிக்காமலிருக்க, அந்த நேரத்தில் ஒலிவாங்கியை அணைக்க வேண்டும். குழுவேலையின் ஆரவாரத்தில் இந்தக் கருவியால் பெரிய உதவி கிடையாது. அதைவிட முக்கியம், சக மாணவர்களின் குரல். வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்பவர்களும் சந்தேகம் கேட்பவர்களும் குழந்தைகள். அவர்களின் மெல்லிய குரல் ஒலிவாங்கியில் விழுவதே இல்லை. கைக்குக் கை மாற்றும் இரண்டாவது ஒலிவாங்கி ஒன்று இருந்தால், முன்வரிசைச் சிறுமி சொன்ன பதில் பின்வரிசைக்கும் போகும். தன் குரல் அறை முழுவதும் தெளிவாக ஒலிப்பதைக் கேட்கும் குழந்தை, தான் விட்டுவிட்ட கடைசி மெய்யையும் கேட்க நேரிடுகிறது.

அமைப்பு ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்க விலையுயர்ந்த அளவுக்கருவி தினமும் தேவையில்லை. செவித்திறன் குறைந்த குழந்தைகளோடு பணியாற்றிய டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகள் போதும்: ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம். பேச்சு பரவியிருக்கும் தாழ்ந்த அதிர்வெண் முதல் உயர்ந்த அதிர்வெண் வரை இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன. காலையில் ஒருவர் ஒலிவாங்கியில், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, இவற்றை வரிசை மாற்றி இயல்பான குரலில் சொல்ல வேண்டும். இன்னொருவர் கடைசி வரிசையில், ஆங்கிலம் கற்கவந்த குழந்தை உட்காரும் அதே நாற்காலியில் அமர்ந்து, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஆ’வும் ‘ம்’மும் எந்த நாற்காலிக்கும் வந்துவிடும். பார்க்க வேண்டியது ‘ஸ்’ வருகிறதா என்பதைத்தான்.